பேக்கப் டிஸ்க் நிறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி: யூனிக்ஸ் சர்வருக்கான முழுமையான வழிகாட்டி

"சர்வரில் இருப்பதே மொத்தம் 400 ஜிபி. பேக்கப்புக்கு 4 டெராபைட் டிஸ்க் போட்டாயிற்று. கிட்டத்தட்ட பத்து மடங்கு இடம் இருக்கிறதே, அப்புறம் என்ன?" இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவன்தான் நானும். எட்டே மாதத்தில் டிஸ்க் நிறைந்தது. அப்போதும் சர்வரில் இருந்த டேட்டா ஏறக்குறைய அதே 400 ஜிபிதான்.

நான் பார்த்த எண்ணே தப்பு. பேக்கப் டிஸ்க் எவ்வளவு வேகத்தில் நிறையும் என்பது டேட்டாவின் மொத்த அளவை மட்டும் பொறுத்தது இல்லை. ஒரு நாளில் எவ்வளவு மாறுகிறது, அந்த மாற்றத்தை நம்முடைய கருவி எப்படி எண்ணுகிறது, பழையதை எத்தனை நாள் வைத்திருக்கிறோம் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்றைச் சுற்றித்தான்.

பெரும்பாலும் லினக்ஸை மனதில் வைத்து எழுதுகிறேன். பிஎஸ்டி குடும்பத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆப்ஷன் எழுத்துகள் மட்டும் சில இடங்களில் மாறும். கட்டளைகளை உச்சரிக்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

படி 1: டிஎஃப் சொல்வதைச் சரியாகப் படிப்பது

டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் டிஎஃப் -ஹெச் எல்லோரும் தினமும் அடிக்கும் கட்டளைதான். ஆனாலும் அதில் தடுக்கி விழ இடம் உண்டு.

ஒன்று, அலகு. பெட்டியின்மேல் 4 டெராபைட் என்று இருந்தால் அது 4 லட்சம் கோடி பைட். டிஎஃப் -ஹெச் 1024-இன் அடுக்குகளில் கணக்கிடுவதால் அதே டிஸ்க் சுமார் 3.64 ஆகத் தெரியும். பெரிய ஹெச் (கேபிடல் எழுத்து) போட்டால் 1000-இன் அடுக்கில் வரும். திட்டமிடும்போது ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் டெராபைட் அளவில் பத்து சதவீதம்வரை கணக்கு பிசகும்.

இரண்டு, ஒதுக்கீடு. எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) உருவாக்கும்போது 5 சதவீத இடத்தை, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கென்று தானாக ஒதுக்கிவிடும். 4 டெராபைட்டில் அது 200 ஜிபி. சிஸ்டமே இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் இது நியாயம். டிஸ்க் நிறைந்தாலும் உள்ளே நுழைந்து சரிசெய்ய முடிய வேண்டும். பேக்கப் மட்டுமே இருக்கும் பார்ட்டிஷனுக்கு அவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் -எம் 1 என்று கொடுத்தால் 1 சதவீதமாகக் குறையும். மவுண்ட்டைக் (டிஸ்க் ஒரு டைரக்டரியோடு இணைந்திருப்பதை) கழற்றக்கூட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேக்கப் ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடினால் இந்த ஒதுக்கீடு அதைத் தடுக்காது. டிஎஃப் 100 சதவீதம் காட்டிய பிறகும் எழுதிக்கொண்டே போகும், கடைசி பைட் வரை.

மூன்று, ஐநோட்: ஒவ்வொரு ஃபைலுக்கும் டைரக்டரிக்கும் ஒன்று என்று ஃபைல்சிஸ்டம் வைக்கும் பதிவு. டிஎஃப் -ஐ அடித்துப் பாருங்கள். இடம் பாதி காலியாக இருக்கும்போதே "டிஸ்க்கில் இடம் இல்லை" என்று பிழை வந்தால், பெரும்பாலும் ஐநோட் தீர்ந்திருக்கும். எக்ஸ்ட்4 வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோட் வைக்கும். 1 டெபிபைட்டுக்குச் (1024-இன் அடுக்கில் எண்ணிய டெராபைட்) சுமார் 6.7 கோடி. இந்த விகிதம் ஃபைல்சிஸ்டம் உருவாக்கும்போதே முடிவாகிவிடும், பிறகு மாற்ற முடியாது. எக்ஸ்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்ற வேறு இரண்டு ஃபைல்சிஸ்டங்களும் தேவைக்கேற்ப ஐநோட்களை உருவாக்கிக்கொள்வதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

டிஎஃப் ஒன்று சொல்லி, ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ வேறு சொன்னால்? வழக்கமாக இரண்டு காரணம். ஒரு ஃபைலை அழித்துவிட்டீர்கள், ஆனால் ஏதோ ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று அடித்தால் அப்படிப்பட்ட ஃபைல்கள் வரிசையாக வரும். அந்த ப்ராசஸை மறுபடி தொடங்கினால் இடம் திரும்பும். இன்னொரு காரணத்தைப் படி 6-இல் சொல்கிறேன். அது என்னைக் கடித்த கதை.

படி 2: எடுக்க வேண்டாதவற்றைக் கழிப்பது

இடத்தை மிச்சப்படுத்துவதற்குச் செலவே இல்லாத வழி, குப்பையை பேக்கப் எடுக்காமல் விடுவது. /ப்ராக், /சிஸ், /டெவ், /ரன் ஆகியவை கெர்னல் காட்டும் தோற்றங்கள், எடுப்பதில் அர்த்தமில்லை. தற்காலிக டைரக்டரிகள், /வார்/கேஷ், பிரவுசர் கேஷ், பில்டு டைரக்டரிகள், மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளக்கூடிய பேக்கேஜ்கள் எல்லாம் வெளியே.

மாறியதை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க், ஃபைல்களை ஒரே ஆர்கைவாகக் கட்டும் டார் இரண்டிலும் 'இந்த ஒரு ஃபைல்சிஸ்டத்துக்குள் மட்டும் இரு' என்று சொல்லும் ஆப்ஷன் உண்டு: ஆர்சிங்க்கில் -எக்ஸ், குனு டாரில் --ஒன்-ஃபைல்-சிஸ்டம். ரூட் டைரக்டரியிலிருந்து (/) பேக்கப் எடுக்கிறீர்கள் என்றால் இது கட்டாயம். இல்லாவிட்டால் பேக்கப் டிஸ்க்கையே பேக்கப் டிஸ்க்குக்குள் எழுதும் வேடிக்கை நடக்கும்.

நடுவில் எழுதப்படாத வெற்றிடம் கொண்ட ஸ்பார்ஸ் ஃபைல்களையும் பாருங்கள். டியூ 2 ஜிபி என்று காட்டும் இமேஜ் ஃபைல் எல்எஸ் -எல்லில் 50 ஜிபி என்று இருக்கும். ஆர்சிங்க்கிலும் டாரிலும் பெரிய எஸ் ஆப்ஷன் கொடுக்காவிட்டால், நடுவில் இருக்கும் வெற்றிடமெல்லாம் பூஜ்ஜியங்களாக எழுதப்பட்டு முழு 50 ஜிபியும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

டேட்டாபேஸின் டேட்டா டைரக்டரியை ஓடும்போதே நகலெடுக்காதீர்கள். இடம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நகலிலிருந்து டேட்டாபேஸ் எழுந்திருக்கும் என்பதற்கே உத்தரவாதமில்லை. அதைத் தவிர்த்துவிட்டு, உள்ளடக்கத்தை வெளியே எழுதித் தரும் அதற்குரிய டம்ப் கருவியால் ஒரு ஃபைலாக எடுத்து அந்த ஃபைலை பேக்கப்பில் சேருங்கள். அந்த டம்பை ஜிஜிப் செய்ய (சுருக்க) வேண்டுமா என்பது படி 4-இல் தேர்ந்தெடுக்கும் கருவியைப் பொறுத்தது.

படி 3: ஒரு நாளில் எவ்வளவு மாறுகிறது?

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள். பலர் தாண்டிப் போய்விடும் படி இதுதான்.

ஏற்கெனவே ஒரு பேக்கப் நகல் இருந்தால், ஆர்சிங்க்கை -என் ஆப்ஷனோடும் --ஸ்டாட்ஸ் ஆப்ஷனோடும் ஓட்டுங்கள். எதையும் எழுதாமல், எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் சொல்லும். அதில் 'மாற்றப்படும் ஃபைல்களின் மொத்த அளவு' என்று ஒரு வரி வரும். அதுதான் உங்கள் எண். இதை ஒரு நாள் மட்டும் பார்த்தால் போதாது. குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் மாதக் கடைசியையும் உள்ளடக்கி, தினமும் குறித்து வையுங்கள். வார இறுதியில் ஓடும் ஏதோ ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் ஒரே இரவில் ஒரு வார மாற்றத்தைக் கொட்டிவிட்டுப் போகும்.

நகல் எதுவும் இன்னும் இல்லையென்றால் ஃபைண்ட் கட்டளையில் -டைப் எஃப், -எம்டைம் -1 கொடுத்து, கடந்த 24 மணி நேரத்தில் மாறிய ஃபைல்களின் அளவுகளை அச்சிடச் சொல்லி ஆக் கட்டளையால் கூட்டுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் திட்டமிடப் போதும்.

அந்தக் கூட்டுத்தொகையைவிட முக்கியம், அதில் யார் பெரிய ஆள் என்பது. அதே பட்டியலை அளவுப்படி வரிசைப்படுத்தி முதல் இருபதைப் பாருங்கள். எட்டு மாதத்தில் நிறைந்த என் டிஸ்க்கில் ஒரு நாளைக்குச் சுமார் பதின்மூன்றரை ஜிபி ஏறிக்கொண்டிருந்தது. அதில் 12 ஜிபி ஒரே ஒரு ஃபைல்: யாரோ சோதனைக்காக வைத்த விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் இமேஜ். உள்ளே தினமும் மாறியது சில எம்பிதான். ஆனால் நான் பயன்படுத்திய முறை ஃபைல் மட்டத்தில் எண்ணும் முறை. ஒரு பைட் மாறினாலும் முழு ஃபைலும் புதிது. 12 ஜிபி, தினமும், 240 நாள்.

மெயிலிலும் இதே கதைதான். எம்பாக்ஸ் வடிவத்தில் ஒருவருடைய மெயிலெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். 3 ஜிபி மெயில்பெட்டிக்கு இரண்டு வரி மெயில் ஒன்று வந்தாலும் அன்றைய பேக்கப்பில் 3 ஜிபி புதிதாக ஏறும். மெயில்டைர் வடிவத்தில் ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைல். அன்று வந்தது மட்டும் ஏறும். பதிலுக்கு ஐநோட்களை அது லட்சக்கணக்கில் தின்னும்.

லாக் ஃபைல்களில் இன்னொரு ஏமாற்று. பழைய லாக்குகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் கருவி, பழைய முறையில் 1 என்று முடியும் ஃபைலை 2 ஆக்கும், 2-ஐ 3 ஆக்கும். உள்ளடக்கம் ஒன்றுதான், பெயர் மட்டும் நகர்கிறது. ஆனால் ஆர்சிங்க் பெயரை வைத்துத்தான் ஒப்பிடும். ஒவ்வொரு ரொட்டேஷனுக்கும் பழைய லாக் அத்தனையும் புதிதாக நகலாகும். லாக்ரொட்டேட் அமைப்பில் டேட்எக்ஸ்ட் என்ற வரியைச் சேர்த்தால் ஃபைல் பெயரில் தேதி ஒட்டிக்கொள்ளும், பிறகு பெயர் மாறாது. ஒரே வரி, மாதக்கணக்கில் இடம் மிச்சம். சிஸ்டத்தின் லாக்குகளைச் சேர்த்து வைக்கும் ஜர்னல்டிக்கு சிஸ்டம்மேக்ஸ்யூஸ் என்று ஓர் உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

படி 4: கருவி எப்படி எண்ணுகிறது

முழு டார் ஆர்கைவ்: தினமும் எல்லாமே புதிதாக எழுதப்படும். எளிமை, நம்பகம், ஆனால் பெருந்தீனி. சுருக்கினால் எவ்வளவு வரும் என்று தெரிய, டாரின் வெளியீட்டைப் பைப் வழியாக இசட்-ஸ்டாண்டர்டு என்ற சுருக்கும் கருவிக்குக் கொடுத்து, அதன் வெளியீட்டை டபிள்யூசி -சி கொண்டு எண்ணுங்கள். டிஸ்க்கில் ஒன்றும் எழுதாமலே பதில் கிடைக்கும். (டாரை நேராக, எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும் /டெவ்/நல்லுக்கு எழுதச் சொல்லி நேரம் பார்க்காதீர்கள். குனு டார் அதைக் கண்டுகொண்டு ஃபைல்களைப் படிக்காமலே தாண்டிவிடும், 'எவ்வளவு வேகம்!' என்று ஏமாறுவீர்கள்.) படங்கள், வீடியோ, ஏற்கெனவே ஜிப் ஆனவை நிறைய இருந்தால் சுருக்குவதில் லாபம் அநேகமாக இல்லை.

டம்ப், ரீஸ்டோர்: பழைய யூனிக்ஸ் ஜோடி. படி 2-இல் சொன்ன டேட்டாபேஸ் டம்ப் வேறு. நிலை 0 என்றால் முழுசு. நிலை 1 முதல் 9 வரை, அதைவிடக் குறைந்த நிலையில் கடைசியாக எடுத்ததற்குப் பிறகு மாறியவை மட்டும். பெரிய எஸ் ஆப்ஷன் கொடுத்தால் எடுக்காமலே எவ்வளவு இடம் பிடிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்லும். இந்த வசதிக்காகவே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். ஒரு நிலை 0-ஐ அழித்தால் அதன்மேல் நிற்கும் மற்ற எல்லாமே பயனற்றவை என்பதை மறக்க வேண்டாம்.

ஆர்சிங்க்கும் ஹார்டு லிங்க்கும்: --லிங்க்-டெஸ்ட் ஆப்ஷனில் நேற்றைய நகலைக் காட்டினால், மாறாத ஃபைல்களுக்கு ஹார்டு லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போட்டுவிட்டு, மாறியதை மட்டும் நகலெடுக்கும். ஒவ்வொரு நாளின் டைரக்டரியும் பார்வைக்கு முழு பேக்கப். இடம் பிடிப்பது மாற்றம் மட்டும். சின்ன, நடுத்தர சர்வர்களுக்கு என் முதல் தேர்வு இன்னும் இதுதான், ஏனென்றால் மீட்பதற்கு சிபி கட்டளை போதும். ஆனால் மூன்று குழிகள் உண்டு.

காட்டும் பாதை முழுப் பாதையாக இல்லாவிட்டால், அது நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இல்லாமல் எழுதப்படும் டைரக்டரியிலிருந்து கணக்கிடப்படும். பாதை தப்பினால் ஆர்சிங்க் ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு முழு நகலை எழுதத் தொடங்கிவிடும். எப்போதும் முழுப் பாதையே கொடுங்கள்.

அனுமதி, உரிமையாளர், நேரம் இவற்றில் ஏதாவது மாறினாலும் அது வேறு ஃபைல்தான். சர்வரில் யாராவது ஒரு பெரிய டைரக்டரியில் உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் -ஆர் அடித்தால், ஒரு பைட் டேட்டாகூட மாறாமல் அன்றிரவு அந்த டைரக்டரி முழுவதும் மறுபடி நகலாகும்.

மூன்றாவது, டைரக்டரிகளுக்கு ஹார்டு லிங்க் கிடையாது. 2 லட்சம் டைரக்டரி உள்ள சர்வரில் 30 நாள் நகல் வைத்தால் 60 லட்சம் டைரக்டரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐநோட், குறைந்தது 4 கேபி. ஃபைல் எதுவும் மாறாவிட்டாலும் சுமார் 24 ஜிபி போயிற்று.

போர்க், ரெஸ்டிக்: இந்த பேக்கப் கருவிகள் ஃபைல்களைத் துண்டுகளாக வெட்டி, ஒரே துண்டை ஒரு முறை மட்டும் வைக்கும். என் 12 ஜிபி இமேஜுக்கு இதுதான் சரியான மருந்தாக இருந்திருக்கும். இவற்றோடு டேட்டாபேஸ் டம்ப் சேரும்போது டம்பை முன்கூட்டியே ஜிஜிப் செய்யாதீர்கள். சுருக்கிய ஃபைலில் தொடக்கத்தில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின்னால் வரும் பைட்டுகள் எல்லாம் மாறிவிடும், ஒத்த துண்டே கிடைக்காது. அப்படியே கொடுங்கள், சுருக்கும் வேலையை போர்க் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று: போர்க் 1.2-இலிருந்து, பழைய நகல்களை நீக்கும் ப்ரூன் மட்டும் செய்தால் இடம் திரும்பாது. தொடர்ந்து காம்பேக்ட் ஓட்ட வேண்டும். ரெஸ்டிக்கிலும் ஃபர்கெட் என்பது பட்டியலிலிருந்து எடுப்பது மட்டுமே, இடத்தை விடுவிப்பது ப்ரூன். 'அழித்தேன், டிஎஃப் அசையவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்: ஃபைல்சிஸ்டத்தின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது. எடுப்பதற்கு நொடிகூட ஆகாது, பிளாக் மட்டத்தில் மாற்றத்தை மட்டும் பிடித்து வைக்கும். ஃபைலை அழித்தாலும் ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்திருக்கும்வரை இடம் திரும்பாது. இசட்எஃப்எஸ் லிஸ்ட் -ஓ ஸ்பேஸ் அடித்தால் ஸ்னாப்ஷாட்களிடம் எவ்வளவு சிக்கியிருக்கிறது என்று தனிப் பத்தியில் தெரியும். அதே டிஸ்க்கில் இருக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. வேறு இயந்திரத்துக்கு அனுப்பினால்தான் பேக்கப்.

லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட்டை பேக்கப் ஓடும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கு ஒதுக்கிய இடம் நிறைந்தால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப்பும் கெடும். எல்விஎஸ் கட்டளையில் எவ்வளவு சதவீதம் நிறைந்தது என்று தெரியும். வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

படி 5: கணக்கு

ஓர் உதாரணம். குப்பையைக் கழித்த பிறகு 310 ஜிபி. படி 3-இன்படி அளந்த தினசரி மாற்றம் 7 ஜிபி. வைத்திருக்க நினைப்பது 14 தினசரி, 6 வாராந்திர, 6 மாதாந்திர நகல்கள்.

ஹார்டு லிங்க் முறையில்: அடிப்படை 310. தினசரி நகல்களுக்கு 13 × 7 = 91. வார நகல் ஒவ்வொன்றுக்கும் மோசமான நிலையில் 7 × 7 = 49 என்று வைத்தால் ஆறுக்கும் 294. மாத நகலுக்கு 30 × 7 = 210, ஆறுக்கும் 1,260. மொத்தம் 1,955 ஜிபி. உண்மையில் இவ்வளவு வராது, ஏனென்றால் திங்களன்று மாறிய ஃபைலேதான் பெரும்பாலும் செவ்வாயன்றும் மாறுகிறது. நடுவில் இருந்த வடிவங்கள் கழிந்துவிடும். ஆனாலும் மோசமான எண்ணிலேயே திட்டமிடுங்கள். சர்வர் மாதத்துக்கு 5 ஜிபி வளர்கிறது, டிஸ்க்கை இரண்டு ஆண்டு ஓட்ட வேண்டும் என்றால் 120 கூட்டுங்கள். மேலே 20 சதவீதம் காலியிடம். சுமார் 2,500 ஜிபி வரும். 4 டெராபைட் டிஸ்க் தாராளம்.

இதே 26 நகல்களை முழு டாராக எடுத்தால்? பாதியாகச் சுருங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம்: 155 × 26 = 4,030 ஜிபி. பழையதை அழிப்பதற்கு முன் புதியதை எழுத இன்னும் ஒரு 155. அதே டிஸ்க் போதாது.

மாத நகல்கள்தான் மொத்தத்தில் பாதிக்கு மேல் என்பதைப் பாருங்கள். 'ஆறு மாதம் முந்தைய ஃபைல் வேண்டும்' என்று உங்களிடம் கடைசியாக யார், எப்போது கேட்டார்கள்? சட்டமோ ஒப்பந்தமோ கேட்டால் வைத்துத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் ஆறை மூன்றாக்குங்கள். 630 ஜிபி மிச்சம்.

படி 6: ஸ்கிரிப்ட் எந்த வரிசையில் ஓட வேண்டும்

படி 1-இல் பாக்கி வைத்த கதை. ஒரு நாள் காலை, சர்வர் மறுதொடக்கம் ஆனபோது பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்த டைரக்டரி இருக்கிறதல்லவா? குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழக்கம்போல் ஸ்கிரிப்ட்டை எழுப்பியது. ஆர்சிங்க் வெறும் டைரக்டரியைப் பார்த்து, 'சரி, முதல் முறை போலிருக்கிறது' என்று முழு பேக்கப்பையும் ரூட் பார்ட்டிஷனில் கொட்டியது. ரூட் நிறைந்து, லாகின்கூடச் சரியாக வேலை செய்யவில்லை. அதைவிட வேடிக்கை, பதற்றத்தில் நான் டிஸ்க்கை மவுண்ட் செய்ததும் கொட்டிய டேட்டா அதற்கு அடியில் மறைந்துபோனது. டிஎஃப் ரூட் நிறைந்தது என்கிறது. டியூ ஒன்றுமே இல்லை என்கிறது. ரூட்டை இன்னோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தபோதுதான் அடியில் கிடந்தது தெரிந்தது.

அதிலிருந்து என் ஸ்கிரிப்ட் இப்படித்தான் போகும். முதலில் எஃப்லாக் கொண்டு பூட்டு. நேற்றைய ஓட்டம் இன்னும் முடியவில்லை என்றால் இன்றையது தொடங்கக் கூடாது. அடுத்து மவுண்ட்பாயிண்ட் -க்யூ. மவுண்ட் இல்லையென்றால் அங்கேயே சத்தம் போட்டுவிட்டு நிற்கும். கூடுதல் காப்பாக, டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த வெறும் டைரக்டரிக்கு ஒரு முறை சிஹெச்ஆட்டர் +ஐ அடித்து வைத்திருக்கிறேன். மவுண்ட் இல்லாதபோது ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. பிறகு டிஎஃப்பில் மீதி இடத்தைக் கேட்டு, வழக்கமான தினசரி மாற்றத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கிறதா என்று பார்க்கும்.

இதற்கெல்லாம் பிறகுதான் நகல். அதையும் 'முடியாதது' என்று பின்னொட்டு கொண்ட பெயரில் எழுதி, வெற்றி என்று உறுதியான பிறகு எம்வி கொண்டு தேதிப் பெயருக்கு மாற்றும். பாதியில் நின்ற நகல் எது என்று பார்த்தவுடன் தெரியும், மறுநாளின் லிங்க்-டெஸ்ட்டுக்கும் அது போகாது. ஆர்சிங்க் திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் நலம், 24 என்றால் ஓடும்போதே சில ஃபைல்கள் காணாமல் போயின, ஓடும் சர்வரில் அது சகஜம், 23 என்றால் சில ஃபைல்கள் வரவில்லை, லாக்கைப் படிக்க வேண்டும், 11 என்றால் எழுதுவதில் பிழை, டிஸ்க் நிறைந்தால் வருவது பெரும்பாலும் இதுதான். டாரைப் பைப்பில் போட்டிருந்தால் பாஷில் பைப்ஃபெயில் அமைப்பை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் டார் தோற்றாலும் கடைசிக் கட்டளையின் வெற்றி மட்டுமே தெரியும்.

அழிப்பது எல்லாவற்றுக்கும் பின்னால்தான். இடம் போதவில்லை என்று பழையதை முதலில் அழித்துவிட்டுப் புதியதை எழுதும் ஸ்கிரிப்ட்களைப் பார்த்திருக்கிறேன். புதியது தோற்கும் இரவில் கையில் ஒன்றுமே இருக்காது.

படி 7: பழையதை அழிப்பது

இணையத்தில் எங்கே பார்த்தாலும் கிடைக்கும் வரி: ஃபைண்ட், -எம்டைம் +14, -டெலீட். இதில் இரண்டு கண்ணிவெடி.

பேக்கப் ஏதோ காரணத்தால் மூன்று வாரம் ஓடவில்லை, யாரும் கவனிக்கவில்லை என்று வையுங்கள். அழிக்கும் வேலை மட்டும் தவறாமல் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு நகலாகக் கரைந்து, பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் டிஸ்க் சுத்தம். இரண்டாவது, ஆர்சிங்க் -ஏ மூல டைரக்டரியின் மாற்ற நேரத்தையே நகலுக்கும் வைக்கும். மூல டைரக்டரியின் மேல்மட்டத்தில் கடந்த ஆண்டுக்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்றால், இன்றைக்கு எடுத்த நகலும் 'கடந்த ஆண்டு' என்றே தெரியும். ஃபைண்ட் சந்தோஷமாக அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

அதனால் நேரத்தை நம்பாமல் பெயரை நம்புங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-09 என்பதுபோல் பெயர் வைத்தால், எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். பட்டியலை வரிசைப்படுத்தி, கடைசி 14-ஐ விட்டுவிட்டு மற்றவற்றை அழியுங்கள். எண்ணிக்கையை வைத்து அழித்தால் பேக்கப் நின்றாலும் 14 நகல் அப்படியே இருக்கும். ஞாயிறு நகல், மாதத்தின் முதல் நகல் ஆகியவற்றைத் தனி டைரக்டரிக்கு எம்வி செய்துவிட்டால் அவற்றுக்கு வேறு எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் இருக்கும்வரை ஹார்டு லிங்க்குகளுக்கு ஒன்றும் ஆகாது. வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டுமானால் ஆர்சிங்க்கில் பெரிய ஹெச் போடுங்கள். மறந்தால் ஒவ்வொரு நகலும் முழு அளவுக்கு ஊதிவிடும்.

ஒரு குறிப்பிட்ட நகலை அழித்தால் எவ்வளவு இடம் வரும்? டியூவை அதன்மேல் மட்டும் ஓட்டினால் 310 ஜிபி என்று பொய் சொல்லும். குனு டியூ ஒரே ஓட்டத்தில் ஒரு ஐநோட்டை ஒரு முறைதான் எண்ணும். அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: மற்ற எல்லா நகல்களையும் முன்னால் எழுதி, அழிக்க நினைப்பதைக் கடைசியாகக் கொடுங்கள். கடைசி வரியில் வரும் எண்தான் திரும்பக் கிடைக்கும் இடம். பெரிய டிஸ்க்கில் இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்.

படி 8: சதவீதம் வேண்டாம், நாள் பாருங்கள்

80 சதவீதத்தில் எச்சரிக்கை என்பது எல்லோரும் வைப்பது. இசட்எஃப்எஸ்ஸில் அதற்கு மேல் போனால் எழுதும் வேகமும் குறையத் தொடங்கும் என்பதால் அங்கே அது பொருத்தமான கோடுதான். மற்ற இடங்களில் சதவீதம் அவ்வளவாக ஒன்றும் சொல்வதில்லை. நாளைக்கு 2 ஜிபி ஏறும் 4 டெராபைட் டிஸ்க் 80-ஐத் தொட்டால் ஓர் ஆண்டு இருக்கிறது. நாளைக்கு 10 ஜிபி ஏறும் 200 ஜிபி டிஸ்க் 80-ஐத் தொட்டால் நான்கே நாள்.

பேக்கப் முடிந்ததும் தேதி, பயன்பட்ட இடம், பயன்பட்ட ஐநோட் மூன்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரியாகச் சேருங்கள். இன்றைய வரியிலிருந்து முப்பது நாள் முந்தையதைக் கழித்து முப்பதால் வகுத்தால் தினசரி ஏற்றம். மீதி 720 ஜிபி, ஏற்றம் 9 ஜிபி என்றால் 80 நாள். 60 நாளுக்குக் கீழ் இறங்கினால் எனக்கு மெயில் வரும்படி வைத்திருக்கிறேன். புதிய டிஸ்க் வாங்க அனுமதி கிடைப்பதற்கே அவ்வளவு நாள் ஆகும். ஒரே நாளில் வழக்கத்தைப் போல் ஐந்து மடங்கு ஏறினாலும் மெயில் வரும். அன்று யாரோ சிஹெச்ஓன் அடித்திருப்பார்கள்.

டிஸ்க் ஏற்கெனவே 100 சதவீதம் என்றால்

முதலில் கிரானில் பேக்கப் வேலையை நிறுத்துங்கள். நீங்கள் இடத்தைக் காலி செய்யக் காலி செய்ய அது நிரப்பிக்கொண்டே இருக்கும்.

பிறகு 'முடியாதது' என்று பெயர் கொண்டவை, நின்றுபோன தற்காலிக ஃபைல்கள் ஆகியவற்றை எடுங்கள். ஒன்றுக்கும் உதவாதவை இவைதான். அடுத்து எல்எஸ்ஓஎஃப் +எல்1. அதற்கடுத்துப் பழைய தினசரி நகல்கள், ஒவ்வொன்றாக. ஹார்டு லிங்க் நகலை ஆர்எம் செய்ய நேரமாகும். டிஎஃப் உடனே அசையாவிட்டால் பதறி அடுத்ததையும் அழிக்கத் தொடங்காதீர்கள். கடைசியாக நல்லபடி முடிந்த நகலையும் கடைசி மாத நகலையும் எந்த நெருக்கடியிலும் தொடக் கூடாது.

போர்க் போன்றவற்றில் அழிப்பதற்கே கொஞ்சம் இடம் வேண்டும். துடைத்தெடுத்தாற்போல் நிறைந்த டிஸ்க்கில் ப்ரூன்கூட மறுத்துவிடலாம். இதற்காகவே எஃப்அலொகேட் கொண்டு 5 ஜிபியில் ஒரு வெற்று ஃபைலை அந்த டிஸ்க்கில் போட்டு வைப்பேன். நெருக்கடியில் அதை அழித்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். இசட்எஃப்எஸ்ஸில் ஃபைலுக்குப் பதிலாக ஒரு காலி டேட்டாசெட்டுக்கு ரிசர்வேஷன் கொடுத்து வைத்து, தேவைப்படும்போது அதைக் குறைக்கலாம்.

இடம் வந்ததும் ஸ்கிரிப்ட்டை ஒரு முறை கையால் ஓட்டி, முடியும்வரை பாருங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மீட்டு, திறந்து பாருங்கள். பிறகு கிரானை மறுபடி இயக்குங்கள். அந்த 5 ஜிபி ஃபைலையும் மறுபடி உருவாக்கி வையுங்கள். நான் இதை இரண்டு முறை மறந்திருக்கிறேன்.